அல்கோன்கிய மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஒப்பிடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலிருந்து ராக்கி மலையடிவாரம் வரை பரவியுள்ள கிரீ, ஒஜிப்வே, மிக்மாக், லெனாபே, ஷயேன், பிளாக்ஃபுட் முதலிய மொழிகள் அல்கோன்கியம் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் அடிப்படைச் சொற்களை அருகருகே வைத்து ஒப்பிட விரும்புபவருக்குத் தரவு கிடைக்காதது இடராக இருப்பதில்லை. தரவு பல இடங்களில், பல எழுத்துமுறைகளில், ஒன்றோடொன்று பொருந்தாத அகராதி மரபுகளில் சிதறிக் கிடப்பதே இடர். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று சொல்லித்தர ஆளின்றி நெடுநாள் தடுமாறிய பின்னரே எனக்கு ஓர் ஒழுங்கு பிடிபட்டது. அந்த ஒழுங்கை இங்கே படிப்படியாகத் தருகிறேன். மொழியியல் பட்டம் இல்லாதவரும் இதைச் செய்யலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பது உறவுக்குச் சான்று ஆகாது. ஒரு மொழியில் ஓர் ஒலி நிற்கும் இடத்தில் மற்றொரு மொழியில் வேறோர் ஒலி, சொல்லுக்குச் சொல் தவறாமல், அதே முறையில் நிற்பதுதான் சான்று. ஒஜிப்வேயில் ‘நான்’ என்பதற்கு ‘நீன்’ என்று சொல்கிறார்கள். தமிழ் படித்தவருக்கு உடனே காது நிமிரும். ஆனால் நம் சொல்லின் பழைய வடிவம் ‘யான்’ என்பதையும், ஒஜிப்வேச் சொல்லின் ஈற்று ‘ன்’ பழைய ‘ல்’ ஒலியிலிருந்து வந்தது என்பதையும் அறிந்தவுடன் அந்த ஒற்றுமை கலைந்துவிடும்.

1. நான்கு மொழிகளோடு தொடங்குங்கள்

குடும்பத்திலுள்ள எல்லா மொழிகளையும் ஒரே அட்டவணையில் கொண்டுவர முயன்றால் வேலை பாதியிலேயே நின்றுவிடும். சமவெளிக் கிரீ, ஒஜிப்வே, மெனாமினி, மெஸ்க்வாக்கி ஆகிய நான்கும் முதல் சுற்றுக்குப் போதுமானவை. மொழியியலாளர் லியோனார்ட் புளூம்ஃபீல்டு 1925இல் அல்கோன்கிய மூலமொழியின் (இம்மொழிகள் எல்லாம் பிரிந்து வந்த பழைய பொதுமொழியின்) ஒலியமைப்பை மீட்டுருவாக்கியபோது இந்த நான்கையே அடித்தளமாகக் கொண்டார். இவற்றுள் மெஸ்க்வாக்கியை விட்டுவிடாதீர்கள். மற்ற மூன்றும் பெரும்பாலும் இழந்துவிட்ட சொல்லிறுதி உயிரை அது காத்து வைத்திருக்கிறது. ‘மரம், தடி’ என்பதற்குக் கிரீ ‘மிஸ்திக்’ என்றும் ஒஜிப்வே ‘மிதிக்’ என்றும் நிறுத்திக்கொள்ள, மெஸ்க்வாக்கி ‘மெஹ்தெக்வி’ என்று முழுமையாகச் சொல்கிறது.

இரண்டாம் சுற்றில் கிரீயின் இன்னொரு கிளைமொழியையும் பாசமக்வாடி–மாலிசீட் போன்ற கிழக்கு அல்கோன்கிய மொழி ஒன்றையும் சேருங்கள். அராப்பஹோ, ஷயேன், பிளாக்ஃபுட் ஆகியவற்றைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

மொழியின் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல் கிளைமொழியின் பெயரையும் எழுத வேண்டும். ‘கிரீ’ என்ற ஒற்றைப் பெயருக்குள் சமவெளிக் கிரீ, காட்டுக் கிரீ, சதுப்புநிலக் கிரீ, மூஸ் கிரீ எனப் பல அடங்கும். ஒஜிப்வேயின் கிழக்குக் கிளைகளிலும் ஒடாவா என்னும் கிளைமொழியிலும் குறில் உயிர்கள் பல உதிர்ந்துவிடுவதால், மேற்கே ‘மிதிக்’, ‘மக்வா’ என்று இருப்பவை அங்கே ‘ம்திக்’, ‘ம்க்வா’ ஆகின்றன. ஒரே நெடுவரிசையில் இவ்விரண்டையும் கலந்துவிட்டால், இல்லாத ஒலிமாற்றம் ஒன்றைத் தேடி அலைய நேரிடும்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்: செலவு எவ்வளவு ஆகும்?

முதல் சுற்றின் பெரும்பகுதிக்குப் பணம் தேவையில்லை. ஒஜிப்வேக்கு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஒஜிப்வே மக்கள் அகராதி இணையத்தில் இலவசமாக உள்ளது. பல சொற்களுக்கு மூத்த பேச்சாளர்களின் குரல் பதிவும் உண்டு. சமவெளிக் கிரீக்கு அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் ‘இத்வேவினா’ அகராதி அதேபோல் இலவசம். திரிபு வடிவத்தைத் தட்டினாலும் அடிச்சொல்லைக் காட்டும் என்பதால் புதியவருக்கு அது பெருந்துணை. ஒட்டாவாவிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகம் நடத்தும் அல்கோன்கிய மொழியியல் நிலப்படத்தில் ஒரே தொடரைப் பல கிளைமொழிகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம். பாசமக்வாடி–மாலிசீட், லெனாபே, மிக்மாக், மயாமி–இலினாய் ஆகியவற்றுக்கும் ஒலிப்பதிவோடு கூடிய இணைய அகராதிகள் உள்ளன.

அச்சு நூலைத் தேட வேண்டிய தேவை மெனாமினிக்கும் மெஸ்க்வாக்கிக்கும்தான் எழும். மெனாமினிக்குப் புளூம்ஃபீல்டு தொகுத்து, அவர் மறைவுக்குப் பிறகு 1975இல் மில்வாக்கி பொது அருங்காட்சியகம் வெளியிட்ட சொற்றொகுதி இன்றும் அடிப்படையானது. மெஸ்க்வாக்கிக்கு 2014இல் அச்சான அகராதி உள்ளது. இவற்றை வாங்குவதற்கு முன், அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தில் நூலகங்களுக்கிடையேயான கடன்முறையில் கிடைக்குமா என்று கேளுங்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அஞ்சல் செலவு நூலின் விலையைத் தொட்டுவிடலாம். இரவல் நூல் வந்து சேரவும் வாரங்கள் ஆகலாம். ஆகவே நூலுக்கான விண்ணப்பத்தை முதல் நாளிலேயே அனுப்பிவிட்டு, அது வரும்வரை கிரீ, ஒஜிப்வே நெடுவரிசைகளை நிரப்புங்கள்.

பழைய அகராதிகள் வருடி இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன: ஒஜிப்வேக்கு 1853இல் பாதிரியார் பராகா வெளியிட்டது, கிரீக்கு 1874இல் பாதிரியார் லகோம்ப் வெளியிட்டது போன்றவை. இலவசம் என்பதாலேயே பலர் இவற்றிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அது நல்ல வழி அன்று. வழக்கொழிந்த சொற்களைத் தேடுவதற்கு இவை மதிப்பு மிக்கவை. ஆனால் பராகாவின் நூலில் உயிர் நீளமும், ஒஜிப்வேக்கு இன்றியமையாத வல்–மெல் மெய் வேறுபாடும் (ஒரே மெய்யை அழுத்தியோ தளர்த்தியோ ஒலிப்பது; தமிழின் வல்லினம், மெல்லினம் அன்று) ஒழுங்காகக் குறிக்கப்படவில்லை. ஒலியை ஒப்பிடும் வேலைக்கு இக்கால அகராதியே முதல் சான்றாக இருக்க வேண்டும். பழைய நூல் துணைச் சான்று மட்டுமே.

3. அனுமதி பற்றி முன்கூட்டியே தெளிவு பெறுங்கள்

இணையத்தில் திறந்து கிடப்பதால் ஓர் அகராதி யாருக்கும் உரிமையில்லாத பொருளாகிவிடாது. அந்தச் சொற்களைச் சொன்னவர்களின் குடும்பங்கள் வாழ்கின்றன. பல இனக்குழுக்கள் தம் மொழித்தரவு யாரிடம் எந்த அளவுக்குப் போகலாம் என்பதைத் தாமே முடிவுசெய்கின்றன. கனடாவின் முதற்குடிகள் தரவு குறித்து உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என்னும் நான்கு கொள்கைகளை வகுத்துக்கொண்டுள்ளனர். சொந்தப் படிப்புக்காக நூறு சொற்களைக் கையால் குறித்துக்கொள்ளத் தடையில்லை. அகராதி முழுவதையும் நிரல் எழுதி இறக்கிக்கொள்வதும், ஒலிப்பதிவுகளை வேறிடத்தில் ஏற்றுவதும் அனுமதியின்றிச் செய்யக் கூடாதவை.

அட்டவணையை வெளியிடும் எண்ணம் இருந்தால், அகராதியின் பயன்பாட்டு விதிகளைப் படித்துவிட்டு, அதை நடத்துபவர்களுக்கும் தொடர்புடைய இனக்குழுவின் மொழித் துறைக்கும் கடிதம் எழுதுங்கள். எந்தச் சொற்கள், எதற்காக, எங்கே வெளிவரும் என்ற மூன்றையும் ஒரே பக்கத்தில் தெளிவாகச் சொன்னால் போதும். மொழித் துறைகளில் பெரும்பாலும் சிலரே, வகுப்பும் நடத்திக்கொண்டு, பாடநூலும் எழுதிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். ஆகவே பதில் வர மாதங்கள் ஆனால் நினைவூட்டலாம், நெருக்கக் கூடாது. ஃபிலடெல்ஃபியாவிலுள்ள அமெரிக்கத் தத்துவக் கழகம் போன்ற காப்பகங்களில் கையெழுத்துப்படிகளைக் கேட்கும்போது, சடங்கு சார்ந்த பகுதிகள் இனக்குழுவின் ஒப்புதலின்றித் தரப்படாமல் இருக்கலாம். அடிப்படைச் சொற்களை ஒப்பிட அவை நமக்குத் தேவையுமில்லை.

4. எழுத்துமுறைகளுக்கு ஒரு மாற்று அட்டவணை செய்யுங்கள்

மிகுதியான பிழைகள் விளையும் இடம் இதுதான். ஆகவே சொற்களைத் தொடுவதற்கு முன் ஒரு வாரமாவது இதற்குச் செலவிடுங்கள். ஒவ்வொரு மொழியும் தன் வரலாற்றுக்கேற்ப உரோமன் எழுத்தைக் கையாள்கிறது. ஒரே குறி இரண்டு மொழிகளில் இரண்டு வேலை செய்யும்.

மேற்கோள் குறி போன்ற அந்த மேற்புள்ளியைப் பாருங்கள். ஒஜிப்வேயிலும் ஷயேனிலும் அது குரல்வளை அடைப்பொலி. மிக்மாக்கில் உயிருக்குப் பின் வந்தால் அது நெடில் அடையாளம். கிரீயில் ‘சீ’ என்னும் உரோமன் எழுத்து ‘ச்’ ஒலிக்கானது. ‘கியூ’ என்னும் எழுத்து மெனாமினியில் குரல்வளை அடைப்பொலியையும், பாசமக்வாடி–மாலிசீட்டில் ‘க்வ்’ என்பதையும் குறிக்கும். அராப்பஹோவில் 3 என்ற எண் ஓர் எழுத்து. பல்லிடையே உரசி வரும் ஒலியை அது குறிக்கிறது. 8 என்ற எண் மேற்கு அபனாக்கியில் மூக்கொலி பெற்ற ஓகார வகை உயிருக்கும், வாம்பனோக்கில் ஊகாரத்துக்கும் நிற்கிறது. பாசமக்வாடி–மாலிசீட்டில் ‘ஓ’ எழுத்து ஓகாரமே அன்று. நாக்கை நடுவில் வைத்து ஒலிக்கும் மங்கலான குற்றுயிர் அது.

ஒஜிப்வேயில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்று பரவலாக வழங்கும் இரட்டை உயிர் எழுத்துமுறையில் நெடில்கள் இரண்டு எழுத்துகளால் எழுதப்படுகின்றன. ஆனால் ஏகாரம் மட்டும் ஒற்றை எழுத்தாகவே எழுதப்படும், ஏனெனில் அந்த மொழியில் எகரக் குறிலே கிடையாது. ‘நெருப்பு’ என்னும் சொல்லின் ஈற்றை எகரமாகப் படித்தால், ‘இஸ்கொதேவ்’ என்னும் கிரீச் சொல்லோடு அது பொருந்தவில்லை என்று வீணாகக் குழம்புவீர்கள். உண்மையில் அது ‘இஷ்கொதே’.

அட்டவணையில் ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு நெடுவரிசைகள் ஒதுக்குங்கள். முதலாவதில் அகராதியில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல். இரண்டாவதில் எல்லா மொழிகளுக்கும் பொதுவான ஒலிக்குறியீட்டில். இக்கட்டுரையில் வாசிப்பு எளிமைக்காகச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் அட்டவணையில் அப்படிச் செய்யாதீர்கள். குறில் நெடிலைத் தமிழ் எழுத்து அழகாகக் காட்டும். ஆனால் ஒஜிப்வேயின் வல் மெய்யையும் மெல் மெய்யையும் பிரித்துக் காட்ட அதில் வழியில்லை. அந்த வேறுபாடு இல்லாமல் மெய்ம்மயக்கங்களை, அதாவது அடுத்தடுத்து நிற்கும் மெய்களைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

5. சொற்பட்டியலைத் தேர்ந்தெடுத்துப் பிளந்துகொள்ளுங்கள்

மொழியியலாளர் மோரிஸ் சுவாதேசின் நூறு சொற்பட்டியலோ, 2009இல் வெளியான லைப்சிக்–ஜகார்த்தா நூறு சொற்பட்டியலோ எதுவாயினும் தொடங்குவதற்கு ஏற்றது. ஆனால் இரண்டும் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. அல்கோன்கிய மொழிகள் உலகைப் பிரிக்கும் விதம் வேறு. அப்படியே நிரப்பினால் பொருந்தாதவற்றைப் பொருத்திவிடுவோம்.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு நமக்குப் பிறப்பிலேயே வந்தது. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே வரிதான் இருக்கும். ஒஜிப்வேயில் கேட்பவரையும் உளப்படுத்தும் ‘கீனவிந்த்’, அவரை நீக்கிய ‘நீனவிந்த்’ என இரண்டும், கிரீயில் ‘கியானவ்’, ‘நியனான்’ என இரண்டும் உள்ளன. வரியை இரண்டாக்குங்கள்.

‘சாப்பிடு’ என்பதை மூன்றாக்குங்கள். கிரீயில் செயப்படுபொருள் சொல்லாமல் ‘அவன் சாப்பிடுகிறான்’ என்றால் ‘மீசிசொவ்’. ஒஜிப்வேயில் அதற்கு ‘வீசினி’. இவை உறவுச் சொற்கள் (ஒரே மூலச்சொல்லிலிருந்து வந்தவை) அல்ல. உயிரற்ற வகையைச் சேர்ந்த பொருளை உண்பதற்குக் கிரீ ‘மீசிவ்’ என்கிறது. ஒஜிப்வே ‘மீஜின்’ என்கிறது. இவை உறவுச் சொற்கள். உயிருள்ள வகையைச் சேர்ந்ததை உண்பதற்கு வேறொரு வினை இரண்டிலும் உண்டு, அவையும் உறவுடையவை. ஒரே வரியில் விட்டிருந்தால் தேர்வு தற்செயலைப் பொறுத்ததாகியிருக்கும்.

நிறச்சொற்கள் இங்கே வினைகள். ‘சிவப்பாயிருக்கிறது’ என்பதற்கு உயிரற்றவற்றுக்கு ஒரு வடிவம், உயிருள்ளவற்றுக்கு இன்னொரு வடிவம்: கிரீயில் ‘மிஹ்க்வாவ்’, ‘மிஹ்கொசிவ்’; ஒஜிப்வேயில் ‘மிஸ்க்வா’, ‘மிஸ்கொசி’. உயிரற்ற வடிவத்தை உயிரற்ற வடிவத்தோடு மட்டுமே இணையுங்கள். இந்த வகைப்பாட்டை உயர்திணை, அஃறிணை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. விலங்குகளும் உயிருள்ள வகையில் அடங்கும். கல்லைக் குறிக்கும் ‘அசினி’ (கிரீ), ‘அசின்’ (ஒஜிப்வே) ஆகிய இரண்டும் அதே வகைதான். ஆகவே பெயர்ச்சொல்லின் வகையை ஊகித்து எழுதாமல் அகராதியில் பார்த்து, தனி நெடுவரிசையில் குறியுங்கள்.

6. ஒட்டுகளை உரித்த பிறகே ஒப்பிடுங்கள்

உடலுறுப்புப் பெயர்கள் இம்மொழிகளில் தனித்து நிற்பதில்லை. ‘என் கண்’, ‘உன் கண்’ என்று உடையவரோடு சேர்ந்தே வரும். சமவெளிக் கிரீ அகராதியில் தலைச்சொல் ‘மிஸ்கீசிக்’, அதாவது ‘யாரோ ஒருவரின் கண்’. ஒஜிப்வே அகராதியில் ‘நிஷ்கீன்சிக்’, அதாவது ‘என் கண்’. முதல் எழுத்தில் ‘ம’வும் ‘ந’வும் மாறி நிற்பது ஒலிமாற்றம் அன்று; வெவ்வேறு முன்னொட்டுகள். எல்லா மொழிகளிலும் ‘என்’ வடிவத்தையே எடுங்கள். கிரீயில் ‘நிஸ்கீசிக்’, ஒஜிப்வேயில் ‘நிஷ்கீன்சிக்’, மெஸ்க்வாக்கியில் ‘நெஷ்கீஷெக்வி’ என வரிசைப்படுத்தியவுடன் ஒழுங்கு தெரியும்.

பின்னொட்டுகளும் மறைந்து நிற்கும். ‘நாய்’ என்பதற்கு இன்றைய ஒஜிப்வே வடிவமான ‘அனிமொஷ்’ என்பதில், இகழ்ச்சிப் பொருள் கொண்ட பின்னொட்டு ஒட்டியிருக்கிறது. ஒப்பீட்டுக்கு உரியது ‘அனிம்’ என்னும் அடி. கிரீயில் சிறுமைப் பின்னொட்டு சேரும்போது சொல்லுக்குள்ளிருக்கும் ‘த்’ ஒலியே ‘ச்’ ஆகிவிடும்: ‘அதிம்’ நாய், ‘அசிமொசிஸ்’ நாய்க்குட்டி. அடியில் எது, ஒட்டு எது என்று ஐயம் எழுந்தால் அந்தக் கட்டத்தில் வினாக்குறி இட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

7. ஒலி இணைகளை வரிசைப்படுத்துங்கள்

மெய்யான ஒப்பீடு இங்கேதான் தொடங்குகிறது. உங்கள் நேரத்தில் பாதியை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எளிய சொற்களை எடுத்துக்கொள்வோம்.

– நீர்: சமவெளிக் கிரீ ‘நிபிய்’, ஒஜிப்வே ‘நிபி’, மெஸ்க்வாக்கி ‘நெபி’.
– நான்: சமவெளிக் கிரீ ‘நிய’, ஒஜிப்வே ‘நீன்’, மெஸ்க்வாக்கி ‘நீன’.
– நாய்: சமவெளிக் கிரீ ‘அதிம்’, ஒஜிப்வே ‘அனிம்’, மெஸ்க்வாக்கி ‘அனெமோஹ’.

ஒஜிப்வே, மெஸ்க்வாக்கி ஆகியவற்றை மட்டும் பார்த்தால் மூன்றிலும் ‘ன்’ ஒலிதான் இருக்கிறது (சொல்முதலில் ‘ந்’ என்று எழுதியதும் இதே ஒலிதான்). கிரீயைச் சேர்த்தவுடன் அது மூன்றாகப் பிரிகிறது: நீரில் ‘ன்’, நான் என்பதன் இடையில் ‘ய்’, நாயில் ‘த்’. ஆகவே மூலமொழியில் மூன்று தனி ஒலிகள் இருந்திருக்க வேண்டும். முதலாவது ‘ன்’, இரண்டாவதை ‘ல்’ என்று எழுதுகிறார்கள், மூன்றாவதைத் தீட்டா என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கிறார்கள்.

இப்போது கிரீயின் பிற கிளைமொழிகளைக் கொண்டுவாருங்கள். ‘நான்’ என்பது சமவெளிக் கிரீயில் ‘நிய’, சதுப்புநிலக் கிரீயில் ‘நீன’, மூஸ் கிரீயில் ‘நீல’, அட்டிக்கமேக்கில் ‘நீர்’, காட்டுக் கிரீயில் அதே இடத்தில் பல்லிடை உரசொலி. ஆனால் நாயைக் குறிக்கும் சொல்லில் இந்தக் கிளைமொழிகள் ஒன்றுகூட மாறுவதில்லை, எங்கும் ‘த்’. ‘ல்’ வேறு, தீட்டா வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கிழக்கு அல்கோன்கிய மொழிகளிலோ இவ்விரண்டும் ஒன்றாகிவிட்டன. பாசமக்வாடி–மாலிசீட்டில் ‘நான்’ என்பது ‘நில்’; நாயைக் குறிக்கும் சொல்லிலும் ‘ல்’ ஒலியே நிற்கிறது. ஒன்றான பின் அந்த ஒலி மறுபடியும் ஊருக்கு ஊர் பிரிந்தது. 1643இல் ரோஜர் வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்தில் குறித்து வைத்தபடி, முப்பது நாற்பது மைல் தொலைவுக்குள்ளேயே நாய்க்கு ஓரிடத்தில் ‘அனும்’, நாராகான்செட்டில் ‘அயிம்’, க்வினிபியாக்கில் ‘அரும்’, நிப்மக்கில் ‘அலும்’. இவ்வாறு ‘ன், ய், ர், ல்’ என்று மாறுவது கிரீயிலும் நடந்தது, இங்கும் நடந்தது. ஆனால் இரண்டும் தொடர்பில்லாமல் தனித்தனியே நடந்தவை. ஒரே வகை மாற்றம் இரண்டு இடங்களில் இருப்பதால் அவ்விரு மொழிகளும் நெருங்கியவை என்று முடிவு கட்டாதீர்கள்.

மெய்ம்மயக்கங்களுக்கு வாருங்கள், சுவை மிகுந்த பகுதி அதுதான்.

– நெருப்பு: கிரீ ‘ஸ்க்’, ஒஜிப்வே ‘ஷ்க்’, மெஸ்க்வாக்கி ‘ஷ்க்’, மெனாமினி ‘ஸ்க்’.
– கரடி: கிரீ ‘மஸ்க்வ’, ஒஜிப்வே ‘மக்வ’, மெஸ்க்வாக்கி ‘மஹ்க்வ’. மெனாமினியில் இச்சொல் வழக்கில் இல்லை. வேறொரு சொல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.
– சிவப்பு: கிரீ ‘ஹ்க்’, ஒஜிப்வே ‘ஸ்க்’, மெஸ்க்வாக்கி ‘ஷ்க்’, மெனாமினி ‘ஹ்க்’.

சமவெளிக் கிரீயில் நெருப்புக்கும் கரடிக்கும் ஒரே ‘ஸ்க்’ இருப்பதைப் பார்த்து இரண்டையும் ஒரே வகையில் சேர்த்துவிடத் தோன்றும். ஒஜிப்வே அதை மறுக்கிறது. ‘ஸ்’, ‘ஷ்’ வேறுபாட்டைக் காத்துள்ள மூஸ் கிரீயில் நெருப்புக்கு ‘ஷ்க்’, கரடிக்கு ‘ஸ்க்’ என்று இருப்பதால் ஐயம் முற்றும் தீர்கிறது. கிரீயின் இன்னொரு கிளைமொழி வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

சிவப்பைக் குறிக்கும் சொல்லின் வரிசை வேறெந்த வரிசையோடும் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். இதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. புளூம்ஃபீல்டு ஒதுக்கவில்லை, இந்த ஒரு வேருக்காகவே மூலமொழியில் தனியொரு மெய்ம்மயக்கம் இருந்திருக்க வேண்டும் என்று 1925இல் எழுதினார். பின்னர் மனிட்டோபாவின் சதுப்புநிலக் கிரீயில் அதே இடத்தில் ‘ஹ்த்க்’ என்னும் தனி மயக்கம் இருப்பது தெரியவந்தது; 1928இல் அவரே அதைப் பதிவுசெய்தார். ஆகவே பொருந்தாத வரிசையை அழிக்காதீர்கள். நிறமிட்டுத் தனியே வையுங்கள்.

உயிர்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். மூலமொழியின் எகரக் குறில் கிரீயிலும் ஒஜிப்வேயிலும் பெரும்பாலும் இகரத்தோடு கலந்துவிட்டது. நீர், மரம் ஆகிய சொற்களில் மெஸ்க்வாக்கியின் எகரமே பழைய நிலையைக் காட்டுகிறது. கிரீயிலும் ஒஜிப்வேயிலும் இகரம் கண்டால் மெஸ்க்வாக்கியைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

ஜான் ஹியூசன் 1993இல் வெளியிட்ட, கணினியின் துணையோடு தொகுக்கப்பட்ட மூல அல்கோன்கிய அகராதி இன்று இணையத்திலும் கிடைக்கிறது. உங்கள் வரிசைகளை நீங்களே கண்டெடுத்த பிறகு சரிபார்க்க அதைத் திறங்கள். முன்கூட்டியே திறந்தால் விடையைப் பார்த்துக் கணக்குப் போட்டதாகிவிடும். ஒலி இணைகளைக் கண்டறியும் பழக்கம் கைக்கு வராது.

8. விலக்க வேண்டிய சொற்களை அடையாளம் காணுங்கள்

ஒலி இணை முழுமையாகப் பொருந்தினாலும் சொல் பழமையானது என்று உறுதியாகாது. சாராயத்துக்குக் கிரீயில் ‘இஸ்கொதேவாபொய்’, ஒஜிப்வேயில் ‘இஷ்கொதேவாபோ’. இரண்டும் ‘நெருப்பு’ என்னும் அடியும் ‘நீர்மம்’ என்னும் ஈறும் சேர்ந்தவை. விதிப்படி மூலமொழி வடிவத்தையே கட்டி எழுப்பிவிடலாம். ஆனால் அந்தப் பொருள் ஐரோப்பியரோடு வந்தது. துப்பாக்கிக்கான ‘பாஸ்கிசிகன்’ (கிரீ), ‘பாஷ்கிசிகன்’ (ஒஜிப்வே) ஆகியவையும் அப்படியே. அண்டை மொழிகள் ஒரே உறுப்புகளைக் கொண்டு ஒன்றைப் பார்த்து மற்றொன்று புதுச்சொல் ஆக்கும்போது இப்படி நேரும். கூட்டுச்சொல்லாகப் பிரியக்கூடிய எதையும் தனியே குறித்து வையுங்கள்.

பொருள் நகர்வும் ஒரு கண்ணி. ‘மீன்’ என்பதற்குக் கிரீயில் ‘கினொசேவ்’, ஒஜிப்வேயில் ‘கீகோன்’. உறவில்லை என்று எழுதிவிடுவோம். ஒஜிப்வேயில் ‘கினோஷே’ இருக்கிறது. அது பைக் என்னும் ஒருவகை மீனின் பெயர். கிரீயில் அந்தச் சொல் எல்லா மீனுக்கும் விரிந்து நிற்கிறது. ஆகவே அகராதியில் ஆங்கிலப் பொருளை வைத்துத் தேடுவதோடு நில்லாமல், எதிர்பார்க்கும் ஒலிவடிவத்தைத் தட்டியும் தேடுங்கள். கிடைத்தால் அதைப் பொருள் மாறிய இணை என்று தனியே பதியுங்கள்; எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

9. கடினமான மொழிகளுக்குப் பிறகு வாருங்கள்

அராப்பஹோவிலும் ஷயேனிலும் ஒலிகள் பெரிதும் மாறிவிட்டதால், உறவுச் சொற்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். அராப்பஹோவில் பழைய ‘ப்’ ஒலி ‘க்’ ஆகவோ ‘ச்’ ஆகவோ மாறியது. உயிரில் தொடங்கிய சொற்களுக்கு முன்னால் ‘ஹ்’ வந்தது. ‘நிபி’யின் அராப்பஹோ உறவு ‘நெச்’ என்பதையும், ‘மக்வ’வின் உறவு ‘வொஹ்’ என்று ஒலிப்பதையும் யாரும் காதால் கண்டுபிடிக்க முடியாது. ஷயேனில் நாய் ‘ஹொதமெ’, ஆண் ‘ஹெதனெ’. தீட்டாவும் ‘ல்’ ஒலியும் இரண்டும் அங்கே ‘த்’ ஆகியுள்ளன. முதல் நான்கு மொழிகளின் ஒலி இணைகள் கையில் இருந்தால் இவற்றை வாய்ப்பாடு போலப் பொருத்திப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ‘ஹொதமெ’யையும் ‘அனிம்’மையும் ஒன்று என்று சொல்ல உங்களிடம் எந்தச் சான்றும் இராது.

பிளாக்ஃபுட்டில் அடிப்படைச் சொற்களே பல வேறாக இருப்பதால் புதியவர் அதைத் தவிர்ப்பது நலம். கலிபோர்னியாவின் யூரோக், வியோட் ஆகியவை இக்குடும்பத்தின் தொலைவு உறவினர். மேரி ஹாஸ் 1958இல் அந்த உறவை உறுதிப்படுத்தினார். ஆனால் அவை அல்கோன்கியத்துக்கு வெளியே நிற்பவை; இந்த அட்டவணையில் இடமில்லை.

10. விழுக்காட்டை எச்சரிக்கையோடு கையாளுங்கள். காலத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

அட்டவணை நிரம்பியதும் ‘கிரீயும் ஒஜிப்வேயும் இத்தனை விழுக்காடு ஒத்துள்ளன’ என்று எழுதக் கை துடிக்கும். அந்த எண், இரண்டும் ஒரே கிளையிலிருந்து பிரிந்தவை என்று காட்டாது. பழையவற்றை இரண்டும் காத்து வைத்திருந்தாலும் எண் உயரும்; அண்டையில் வாழ்ந்து கடன் வாங்கிக்கொண்டாலும் உயரும். கிளையை நிறுவுவது சேர்ந்து செய்துகொண்ட புதுமைகளே. கிழக்கு அல்கோன்கியம் ஒரு மெய்யான கிளை என்று ஏற்கப்பட்டதற்கு, தீட்டாவும் ‘ல்’ ஒலியும் அங்கே ஒன்றானது போன்ற புதுமைகளே காரணம். ‘மத்திய’, ‘சமவெளி’ என்னும் பிரிவுகள் நிலப்பகுதியைக் குறிக்கும் வசதிப் பெயர்கள் மட்டுமே. அவற்றை அட்டவணையின் தலைப்பில் கிளைப்பெயராக எழுதிவிடாதீர்கள்.

நூறு சொற்கள், நான்கு மொழிகள் என்றால் 400 கட்டங்கள். அகராதியில் தேடி, ஒலிப்பதிவைக் கேட்டு, ஒட்டைப் பிரித்து, சான்றிடம் எழுதக் கட்டம் ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஏறத்தாழ 67 மணி நேரம். வேலைக்குப் போகிறவர் வாரம் ஆறு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒலி இணைகளுக்கு அதே அளவு நேரத்தை மேலும் சேர்த்துக்கொள்ளுங்கள். விரிதாளுக்கு லிப்ரே ஆபிஸ் போன்ற இலவச மென்பொருள் போதும். தானாகவே உறவுச் சொற்களைக் கண்டறியும் நிரல்களை முதல் சுற்றில் பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் முன்னொட்டை உரிக்காத சொற்களையும் அவை தயங்காமல் இணைத்துவிடும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அகராதியின் பெயர், பதிப்பாண்டு அல்லது பார்த்த தேதி, கிளைமொழி ஆகியவற்றை அன்றே எழுதுங்கள். இணைய அகராதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால் பின்னர் தேடினால் அதே வடிவம் கிடைக்காமல் போகலாம். அட்டவணை ஓரளவு உருவானதும், 1968 முதல் ஆண்டுதோறும் கூடிவரும் அல்கோன்கிய மாநாட்டின் வெளியான கட்டுரைகளில், நிறமிட்டுத் தனியே வைத்த உங்கள் வரிசைகளைப் பற்றி யாரேனும் எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.